ஏற்றத்தில் வழுக்கிய வண்டி

அம்பூரி மலையிலிருந்து வெள்ளறடைக்கு இறங்கும் சாலையில், இறக்கமெல்லாம் தீர்ந்து இனி பயமில்லை என்று நினைக்கும் இடத்தில், ஒரு வளைவும் அதை ஒட்டி ஓர் ஏற்றமும் உண்டு. அதுவரை சுவாமிதாஸ் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவான். பக்கத்தில் ஆள் இருந்தால் ஆளோடு, இல்லாவிட்டால் வண்டியோடு. வளைவு கண்ணில் பட்டதும் பேச்சு நின்றுபோகும். உடம்பு முழுக்கக் காதாகிவிடும்.

முதலில் ஒரு விக்கல் வரும். ஆக்சிலேட்டரை மிதிப்பான், வண்டி கேட்டும் கேளாத மாதிரி ஒரு கணம் சும்மா இருக்கும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் உதறு உதறும். அப்பாடா, வந்துவிட்டது என்று மூச்சு விடும்போது இன்ஜின் ஆங்காரமாய்க் கத்தத் தொடங்கும். சத்தம்தான் ஏறும், வண்டி ஏறாது. கியர் விழுந்துதான் கிடக்கிறது, இன்ஜின் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது; அந்தச் சுழற்சி சக்கரத்துக்கு வந்து சேராமல் நடுவழியில் எங்கேயோ வழுக்கிப்போகிறது. அதற்கும் பிறகு ஒரு வாடை வரும், தேங்காய் நாரையும் ரப்பரையும் சேர்த்துக் கருக்கின மாதிரி. அந்த வாடை மூக்கில் ஏறிய நாட்களில் அவனுக்கு ராத்திரி சோறு இறங்காது.

வண்டி ஒரு பழைய ஜீப். ஏதோ ஒரு எஸ்டேட்டில் ஓடி ஓடிக் களைத்த பிறகு, பின்பாதியை வெட்டிக் களைந்து, அயினிப் பலகையில் தட்டு அடித்து, பிக்கப் ஆக்கி விற்றிருந்தார்கள். கல்ஃபிலிருந்து திரும்பியவன் என்றால் ஊருக்கு முதலில் தெரியவேண்டியது கான்கிரீட் வீடு. சுவாமிதாஸ் ஓட்டு வீட்டை அப்படியே போட்டுவிட்டு வண்டி வாங்கினான். பனச்சமூடு ஜங்ஷனில் சாயா குடிக்கிறவர்களுக்கு அது நல்ல பேச்சாயிற்று. "கூரை ஒழுகினா வண்டிக்க அடியில போய் கிடப்பானாயிருக்கும்" என்றார்கள்.

அந்த வீடு நிற்கிற பத்து சென்ட் அவனுடைய அப்பா பொன்னையனுக்குக் குடிகிடப்பில், குடியிருந்த மண் குடியிருந்தவனுக்கே என்ற உரிமையில், கிடைத்தது. பொன்னையனும் அவருடைய அப்பனும் அதுவரைக்கும் அடுத்தவன் தென்னந்தோப்பில் குடிசை கட்டி வாழ்ந்தவர்கள். உடையவர் எழும்பிப் போ என்றால் அன்று பொழுது சாய்வதற்குள் பானையைத் தூக்கவேண்டும். சுவாமிதாஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே இரண்டு தடவை அப்படித் தூக்கியிருக்கிறார்கள். நிலச் சட்டம் வந்து, குடிசையைச் சுற்றி நான்கு கல் நட்டு, இது உன்னுடையது என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த பிறகு, பொன்னையன் விடிந்ததும் முதல் வேலையாக அந்த நான்கு கல்லையும் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். யாராவது இரவோடு இரவாகப் பிடுங்கிவிட்டார்களோ என்று அவருக்கு ஒரு சந்தேகம், கடைசிவரை தீரவில்லை.

இனி அந்த மண்ணிலிருந்து எழும்பிப் போ என்று சொல்ல ஆளில்லை. ஆனால் பத்து சென்டில் நிற்கலாம், படுக்கலாம்; தின்ன முடியாது. சுவாமிதாஸ் தானாகவே எழும்பிப் போனான். எட்டு வருஷம், ஓர் எண்ணெய்க் கம்பெனிக்கு மணல் காட்டில் வண்டி ஓட்டினான். அப்பா இறந்த தந்தி அவன் கையில் கிடைத்தபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. மகள் விலாசினி அவனைக் கேசட்டில்தான் அறிந்தாள். மாதம் ஒரு முறை யாராவது ஊருக்கு வருகிறவர் கையில் ஒரு கேசட் கொடுத்துவிடுவான். அதில் கதை சொல்வான், ஒட்டகம் மாதிரி சத்தம் போட்டுக் காட்டுவான். அவன் நேரில் வந்து இறங்கிய பிறகும் அவள் டேப் ரிக்கார்டர் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தாள். ஏன் பிள்ளே, அப்பன் இஞ்சதானே இருக்காரு என்று அவன் மனைவி சௌதாமினி கேட்டதற்கு, "இந்த அப்பன் ஒண்ணும் பேசாது. அந்த அப்பனாக்கும் நல்லது" என்றாளாம். மனைவி சிரித்துக்கொண்டே சொன்ன அந்தச் செய்தியைக் கேட்டு அவனும் சிரித்தான். பிறகு கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினான்.

இனி போகமாட்டேன் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தான். முடிவைத் தாங்க வேண்டியது அந்தப் பழைய ஜீப்.

இப்போது சிக்கல் என்னவென்றால், சௌதாமினியின் தம்பி பொன்னப்பன் லீவில் வந்திருந்தான். அவனுடைய கம்பெனியில் ஒரு டிரைவர் விசா காலியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பதில் சொல்லவேண்டும். இல்லையென்றால் கேட்டுக்கொண்டு வேறு ஆள் நிற்கிறது. அதே வாரம் பாறசாலையில் ரப்பர் வியாபாரம் செய்யும் சோமன் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்: அம்பூரிப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் ரப்பர் பாலைச் சனிக்கிழமை ஒரு நடை ஏற்றிக் கொண்டுவா, பார்க்கிறேன். பால் பாலாகவே வந்து சேர்ந்தால் தினமும் உனக்குத்தான் ஓட்டம்.

ரப்பர் ஷீட் என்றால் வழியில் ஒரு நாள் கிடந்தாலும் கெடாது. பால் அப்படியல்ல. மரத்தில் வெட்டி எடுத்த நிமிஷத்திலிருந்து அது உறையப் பார்த்துக்கொண்டே இருக்கும். உறையாமலிருக்க அமோனியா விடுவது சோமனின் டிப்போவில்தான். வெயில் ஏறுவதற்குள் அங்கே கொண்டு சேர்க்காவிட்டால் கேனுக்குள் வெள்ளைக் கட்டியாக உட்கார்ந்துவிடும். ஆக, அந்த ஏற்றத்தில் வண்டி வழுக்குமா வழுக்காதா என்பதுதான் சுவாமிதாஸ் ஊரில் இருப்பானா போவானா என்பது.

வியாழக்கிழமை அவன் பனச்சமூட்டில் வேலாயுதனின் ஒர்க்‌ஷாப்புக்குள் வண்டியைக் கொண்டு நிறுத்தினான். வேலாயுதன் ஒரு பலா மரத்தடியில் தகரம் போட்டு ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர். சுற்றுவட்டத்து டிரைவர்களுக்கெல்லாம் அவர் ஆசான்.

"வாரும் பாரின் டிரைவரே. இன்னைக்கு உம்ம அம்மிணிக்கு வயித்துவலியா, தலைவலியா?"

"விளையாடாதியும் ஆசானே. நேத்து ஏத்தத்துல நின்னே போச்சு. அர மணிக்கூர் கழிஞ்சு தானா ஸ்டார்ட் ஆச்சு."

"தானா நின்னு தானா ஓடுதுன்னா அதுக்கு மெக்கானிக் எதுக்கு? பூசாரியக் கூப்பிடும்."

சொல்லிக்கொண்டே வேலாயுதன் டிரைவர் சீட்டுக்கு வெளிப்புறத்தில் இருக்கும் டாங்க் மூடியைத் திருகி எடுத்து, ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார். பெட்ரோல் முள் செத்துப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. அதனால் அந்த வண்டியை யார் தொட்டாலும் முதலில் குச்சி விட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். பாதிக் குச்சி நனைந்திருந்தது. மூடியை வைத்துத் திருகிவிட்டு, ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்தது. மிதித்தால் பாய்ந்தது. விக்கலும் இல்லை, செருமலும் இல்லை.

"இதுக்கு என்ன கொறச்சல்?"

"ஓட ஓடத்தான் வரும் ஆசானே."

"எனக்க முன்னால வரல்லியே."

எப்போதும் இப்படித்தான் ஆகிறது என்பதில் சுவாமிதாசுக்கு அழுகை வரும் போலிருந்தது. டாக்டர் முன்னால் போனதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி, இந்த வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் மட்டும் சமத்தாகிவிடும். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. பம்பு மாற்றியாயிற்று. குழாயில் வாய் வைத்து ஊதி, உதடெல்லாம் பெட்ரோல் ஆகி, அதுவும் பார்த்தாயிற்று.

"சரி, மத்ததப் பாப்போம். ஹேண்ட் பிரேக்கைப் போடும். டாப் கியர். ஆக்சிலேட்டர் கொடும். இனி கிளச்ச மெதுவா விடும்."

சுவாமிதாஸ் விட்டான். பிரேக்கில் கட்டுண்டு நிற்கும் வண்டியில் டாப் கியர் பிடித்தால் இன்ஜின் மூச்சுமுட்டி அணைந்துவிட வேண்டும். அதுதான் ஆரோக்கியம். அணையவில்லை. ஒன்றும் நடக்காதது மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. தகரக் கூரைக்கடியில் அந்தக் கருகல் வாடை பரவிற்று.

வேலாயுதன் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் கேலியை நிறுத்தியது சுவாமிதாசுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பிளேட்டு போச்சு ஓய். ஓணம் கழிஞ்சு நான் எனக்க கையால போட்ட பிளேட்டாக்கும். கிறிஸ்மஸ் இன்னும் வரல்ல."

கழற்றிப் பார்த்தார்கள். இன்ஜினின் சுழற்சியைப் பிடித்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கிளச் பிளேட் வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகி, ஓரமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அதன் மேல் எண்ணெய் ஒழுகினால் அப்படி வழுக்கும். ஒரு துளி எண்ணெய் இல்லை. ஸ்பிரிங் தளர்ந்தால் வழுக்கும், தளரவில்லை. பெடல் ஓயாமல் இறுகி நின்றால் வழுக்கும். பெடலுக்கு வேண்டிய தளர்ச்சி இருந்தது. வேலாயுதன் ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொரு விரலாக மடக்கினார். விரல்கள்தான் தீர்ந்தன.

"நீரு ஏத்தத்துல நிறுத்தும்போ பிரேக்கு போடாம கிளச்சுலயே வண்டியத் தாங்கி நிக்கிறீரா?"

"எட்டு வருஷம் ஓட்டினவனாக்கும் நான். அது தெரியாதா?"

"அங்க ஓட்டினது என்ன வண்டி?"

"அமெரிக்கன் பிக்கப்பு. கியர் தானா விழும். கிளச்சே கிடையாது."

"கிளச்சு கிடையாதா? பின்னே இடது காலு எதுக்கு, வீட்டுல வச்சுட்டுப் போவியளா?"

ஒர்க்‌ஷாப்பில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சுவாமிதாசும் சிரித்துவைத்தான். பிறகு பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது பிளேட் போட்டு வண்டியை வெளியே விடும்போது வேலாயுதன் சொன்னார்: "இதோட காரணம் எனக்கு மனசிலாவல்ல. காரணம் தெரியாம போட்ட பிளேட்டு எத்தன நாளைக்குன்னு நான் சொல்லமாட்டேன். நாளைக்கு ஒரு நாள் ஓடும். அவ்வளவுதான் ஆசான் வாக்கு."

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் பொன்னப்பன் உட்கார்ந்திருந்தான். சென்ட் வாசனை வேலிவரை வந்தது.

"அத்தான், வண்டி சுகமாச்சா?"

"ஆச்சு."

"அத்தானுக்க முகத்தப் பாத்தா அப்படித் தெரியல்லியே. நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதிய. அங்க வண்டி கெட்டா சாவியத் தூக்கி மேசையில வச்சுட்டு அடுத்த வண்டிய எடுக்கலாம். இஞ்ச வண்டி கெட்டா நீங்களும்லா சேந்து கெட்டுப் போறிய."

சொன்னது முழுக்க உண்மை என்பதால் சுவாமிதாசுக்குக் கோபம் வரவில்லை. உள்ளே விலாசினி பழைய கேசட்டைப் போட்டிருந்தாள். அவனுடைய குரலே, இளமையாக, உற்சாகமாக, ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை சொல்லுதேன் அளியா" என்றான் மைத்துனனிடம்.

சனிக்கிழமை விடியும்போதே இன்னொரு தடங்கல் வந்தது. சுமை ஏற்ற வரும் ஆள் காரோடு என்கிற ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டான். சௌதாமினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் வாறேன்."

"லோடு வண்டியில பொம்பள முன்னால இருந்து வந்தா ஆளுக என்ன சொல்லுவாவ?"

"சொன்னா சொல்லட்டு. நான் ரப்பர் வெட்டுக்காரனுக்க மவ. பாலு எப்ப திரியும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு வண்டியத் தெரியும்."

"அதுதானே தெரியாம கிடக்கு" என்றபடி அவன் கதவைத் திறந்துவிட்டான். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவள் அதில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

அம்பூரியில் பால் எடுக்கிற வேலை சரசரவென்று நடந்தது. தோட்டக்காரர்கள் வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். சௌதாமினி வலையில் வடிகட்டி, குப்பையும் மரப்பட்டையும் களைந்து, கேன்களை நிறைத்தாள். ஒவ்வொரு கேனின் வாயிலும் ஈரச்சாக்கு போட்டு மூடினாள். வண்டி இறங்கத் தொடங்கியபோது வெயில் மரங்களுக்கு மேலே வந்துவிட்டிருந்தது.

இறக்கத்தில் அவன் பேசவில்லை. பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வளைவு வந்தது. அவன் கியரை மாற்றி, ஆக்சிலேட்டரை மிதித்தான்.

விக்கல்.

"வந்துட்டு" என்றான் மெதுவாக, யாரிடமும் அல்ல.

செருமிற்று. உதறிற்று. ஏற்றத்தின் நடுவில் இன்ஜின் சுத்தமாக அணைந்தது. அவள் குதித்து இறங்கி, ஒரு கல்லை உருட்டிப் பின்சக்கரத்தில் அண்டை கொடுத்தாள். அவன் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினான். இன்ஜின் வெறுமனே சுழன்றது, பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான். எதைத் தொடுகிறோம் என்று கைக்குத் தெரியாத தொடுதல் அது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"பெட்ரோல் உண்டா?" என்று கேட்டாள்.

"நேத்துதானே அடிச்சேன். வேணும்னா பாக்கேன்."

மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு மூடியைத் திருகினான். அது எளிதில் வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினான். மூடி விட்டதும் டாங்க் ஒரு நெடிய மூச்சை உள்ளே இழுத்தது.

சௌதாமினி பின்னால் நகர்ந்தாள். "அது என்ன, பாம்பா?"

அவன் பதில் சொல்லாமல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்பக்கத்தில் ஒரு சிறு துளை இருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போவதற்கான துளை. வெளிப்பக்கத்தில் அந்தத் துளையின் மேல், தேன் நிறத்தில், நகத்தால் அழுத்தினால் அமுங்குகிற ஒரு பூச்சு.

"இது ரப்பர் பாலாக்கும்" என்றாள் அவள்.

"ஆமா."

"நாமதான் தேச்சது."

எடவப்பாதி மழை கொட்டிய நாட்களில், டாங்குக்குள் தண்ணீர் இறங்கிவிடுமோ என்று பயந்து, அவன்தான் கேட்டான்; அவள்தான் சிரட்டையில் பால் கொண்டுவந்தாள். இருவருமாகத்தான் பூசினார்கள். அந்தப் பக்கத்தில் ஒழுகுகிற எதற்கும் அதுதான் மருந்து. வாளி ஒழுகினால் ரப்பர் பால். குடை கிழிந்தால் ரப்பர் பால். செருப்பு வார் விட்டால், ஓடு கீறினால், பிள்ளைகளின் பந்து ஓட்டையானால் எல்லாம் அதே சிரட்டையிலிருந்துதான். அதை ஒரு காரியமாக யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தண்ணீர் இறங்கவில்லை, சரிதான். காற்றும் இறங்கவில்லை. ஓட ஓட டாங்குக்குள் வெறுமை பெருகி, அது பெட்ரோலை விடமாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. வேலாயுதன் ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக மூடியைத் திறந்து குச்சி விட்டார். திறந்த அந்த நிமிஷமே நோய் தீர்ந்துவிட்டது. பிறகு அவர் எங்கே தேடியும் எப்படிக் கிடைக்கும்?

சௌதாமினி தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பூச்சைக் குத்திக் கிழித்தாள். அவன் சாவியைத் திருகினான். சற்று இழுத்தடித்துவிட்டு இன்ஜின் பிடித்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்திருப்பான். ஆனால் கல்லை எடுத்துவிட்டு அவள் ஏறி உட்கார்ந்து, வண்டி நகர்ந்து, ஏற்றத்தின் செங்குத்தான பாகத்தில் மூக்கை வைத்தபோது இன்ஜின் கத்தத் தொடங்கியது. விக்கல் போய்விட்டது, வழுக்கல் போகவில்லை. நேற்றுப் போட்ட பிளேட். அந்த வாடை, இலேசாக, தரைப் பலகையின் இடுக்கு வழியாக எழும்பிவந்தது.

ஆசான் சொன்ன ஒரு நாள் கூட இல்லையே என்று சுவாமிதாஸ் நினைத்தான். பொன்னப்பனின் சென்ட் வாசனை, விமான நிலையத்தில் மகளைத் தூக்கி இறக்கிவிடும் நேரம், மணல், மணல் என்று என்னென்னவோ ஓடிற்று.

"இஞ்ச பாருங்க" என்றாள் சௌதாமினி. "உங்களுக்குக் கால் வலி உண்டா?"

"எதுக்கு?"

"இல்ல, அம்பூரியிலேருந்து பாக்கேன். அந்தக் காலை எதுக்கு அந்த மிதியிலயே ஊணி வச்சிருக்கிய?"

அவன் குனிந்து பார்த்தான்.

தன்னுடைய காலை அல்ல, வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி இருந்தது. இடது கால் முன்னால் நீண்டு, கிளச் பெடலின் மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது. மிதிக்கவில்லை. சும்மா சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வின் பாரமே போதும், பிளேட்டை முழுக்கப் பிடிக்கவிடாமல் செய்ய. எட்டு வருஷம் அந்த அமெரிக்க வண்டியில் இடது காலுக்கு வேலை இல்லை. முடிவில்லாத நேர்ச்சாலையில் அதை முன்னால் நீட்டித் தரையில் ஊன்றி, அதில் உடம்பைச் சாய்த்துக்கொண்டுதான் ஓட்டினான். மற்றவர்களும் அப்படித்தான் ஓட்டினார்கள். கால் அந்த இடத்தைப் படித்துவைத்துவிட்டது. இங்கே அதே இடத்தில் இருப்பது கிளச்.

காலை எடுத்தான். ஒரு நொடியில் இன்ஜினின் கத்தல் தணிந்து, குரல் கனத்தது. சக்கரங்கள் சாலையைப் பிடிப்பதை முதுகெலும்பில் உணர்ந்தான். வண்டி ஏறிற்று, மெதுவாக. நின்றுவிடுமோ நின்றுவிடுமோ என்று அவன் பயந்துகொண்டிருக்க, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கால எடுத்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஆனால் அவ்வளவுதான் இல்லை. வெள்ளறடை தாண்டுவதற்குள் கால் மறுபடியும் போய்ப் படுத்திருந்தது. அவனுக்குத் தெரியவேயில்லை.

"காலு" என்றாள் சௌதாமினி.

எடுத்தான். பனச்சமூடு ஜங்ஷனில், சாயாக்கடையில் இருந்தவர்கள் லோடு வண்டியில் பெண் உட்கார்ந்திருப்பதை வாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் அவர்களைப் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டு, "காலு" என்றாள். ஒர்க்‌ஷாப்பைக் கடக்கும்போது வேலாயுதன் கை காட்டினார், நிற்க நேரமில்லை. "காலு." சந்தையில் மாடு குறுக்கே வந்து, ஹார்ன் அடித்து, திட்டி, மறுபடி வேகம் எடுத்தபோது, "காலு." அவன் எரிச்சலில், "எடி, நான் ஓட்டுததா நீ ஓட்டுததா?" என்று கேட்டான். "நீங்க ஓட்டுங்க. எனக்க கண்ணு உங்க காலுல. காலு."

ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அவனுக்குப் பயம் கூடிற்று. பிளேட்டை மாற்றலாம். காலை யார் மாற்றுவது? அப்பா விடிந்ததும் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தாரே, அதுபோலத்தான் இதுவும், ஆயுசுக்கும் தீராது போலிருக்கிறது என்று தோன்றியது.

பின்னால் கேன்கள் முட்டும் சத்தம் மாறியிருப்பதாக அவனுக்கு ஒரு சந்தேகம். பால் அலம்புகிற சத்தம் குறைந்து, கட்டி இடிக்கிற சத்தம் கேட்கிறதோ? அவளிடம் கேட்கப் பயந்து கேட்கவில்லை. அவளும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது, அவள் வாயை இறுக்கி வைத்திருந்த விதத்தில் தெரிந்தது.

பாறசாலை டிப்போவில் சோமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் அதிகம் பேசுகிறவரல்ல. ஒரு நீளக் கம்பை எடுத்து, சாக்கை விலக்கி, ஒவ்வொரு கேனாக விட்டுக் கலக்கிப் பார்த்தார். முதல் கேனில் கம்பு தாராளமாகச் சுற்றிற்று. அடுத்ததிலும் அப்படியே. சுவாமிதாஸ் கம்பின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான். தட்டின் ஓரத்தில், வெயில் பட்ட பக்கத்தில் இருந்த கேனில் கம்பு இறங்கி நின்றுவிட்டது. சோமன் முறுக்கி இழுத்தார். வெள்ளைக் கட்டி ஒன்று கம்போடு எழும்பி வந்து, பொத்தென்று திரும்ப விழுந்தது.

சோமன் மிச்சக் கேன்களையும் பார்த்து முடித்தார்.

"வழியில எங்கயோ நின்னுட்டு."

"நின்னுச்சு" என்றான் சுவாமிதாஸ். பொய் சொல்ல நினைத்திருந்தான். வாயில் வந்தது அதுதான். "ஏத்தத்துல. காரணம் கண்டுபிடிச்சாச்சு."

"என்ன காரணம்?"

அவன் மூடியைப் பற்றிச் சொன்னான். காலைப் பற்றிச் சொல்லவில்லை. சோமன் டாங்க் பக்கம் போய், ஊக்கால் குத்திய பூச்சைப் பார்த்துவிட்டு, தன் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவன், நம்ம அம்பாசடருக்கும் இதே மாதிரி தேச்சிருக்கோமே முதலாளி என்றான். சோமன் முகம் மாறிற்று. அது எதனால் நின்று நின்று போகிறது என்று அவரும் ஒரு மாசமாகப் புலம்பிக்கொண்டிருந்தவர்தான். ஆள் மூடியைத் திறக்க ஓடினான்.

"ஒரு கேன் போச்சு. சாரமில்ல, போவட்டு" என்றார் சோமன் திரும்பி வந்து. "திங்கக்கிழமை இதவிட நேரத்தோட வா. கேனுக்கு மேல ஓலை போடு. இந்த அம்மையும் வருமா?"

"வருவேன்" என்றாள் சௌதாமினி, அவன் வாய் திறப்பதற்கு முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் நீளமாகப் பிரசங்கம் செய்தார். ஆண்கள் பக்கத்தில் சுவாமிதாஸ் மூன்றாவது பெஞ்சில் இருந்தான். அவனுக்குப் பின்னால் பொன்னப்பன். வாசனை வந்துகொண்டிருந்தது. பதில் என்னவென்று நேற்றே தெரிந்துவிட்டது, இருந்தும் பிரசங்கத்தில் மனம் ஒட்டவில்லை. ஏற்றம் தினமும் உண்டு. பிளேட் எத்தனை நாளைக்கு என்று ஆசானும் சொல்லவில்லை. சோமன் எத்தனை கேன்வரைக்கும் சாரமில்லை என்பாரோ தெரியாது.

யோசித்துக்கொண்டே தற்செயலாகப் பெண்கள் பக்கம் பார்த்தான். விலாசினியை மடியில் சாய்த்துக்கொண்டு சௌதாமினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல. அவன் குனிந்து பார்த்தான். இடது கால், முன் பெஞ்சின் குறுக்குச் சட்டத்தில், நீட்டி ஊன்றி, சாவகாசமாகப் படுத்திருந்தது.

காலை இழுத்துக்கொண்டான். அவள் பிரசங்கத்தைக் கேட்கத் திரும்பினாள்.

வெளியே வந்ததும் பொன்னப்பன் தோளில் கை போட்டான். "அத்தான், என்ன தீருமானம்?"

"மத்த ஆளுக்கே கொடு அளியா."

"வண்டி சரியாயிட்டா?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றான். "ஓட்டுதவனைத்தான் இனி சரியாக்கணும்."